கல்யாஸின்: முகம் மூழ்கி முதுகு மிஞ்சிய ஊர்

அகன்ற ஆறு. அதன் நடுவே, கரையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், ஒரு வெள்ளை மணிக்கோபுரம். சுற்றி வெறும் தண்ணீர். ரஷ்யாவைப் பற்றிய படங்களைத் தேடுகிறவர்கள் எப்படியும் இந்தப் படத்தில் வந்து ஒருமுறை முட்டிக்கொள்வார்கள். பார்த்ததும் எழும் கேள்வி, "ஆற்றுக்குள் போய் யார் கோபுரம் கட்டினார்கள்?"

யாரும் கட்டவில்லை. கோபுரம் தரையில்தான் இருந்தது. பக்கத்தில் தேவாலயம், அதை ஒட்டிக் கடைத்தெரு, வணிகர்களின் கல் வீடுகள், அப்புறம் படகுத்துறை. ஆறுதான் பிறகு வந்தது. படத்தில் காலியாகத் தெரிகிற அந்தத் தண்ணீர்ப் பரப்புதான் பழைய கல்யாஸின். கோபுரம் அதன் அடையாளக் குச்சி மட்டுமே.

அணை கட்டி மூழ்கிய ஊர்கள் உலகில் ஏராளம். முழுதாக மூழ்கிய ஊரின் கதை ஒருவகையில் எளிமையானது. ஊர் இருந்தது, போய்விட்டது. கல்யாஸின் அப்படியல்ல. மூன்றில் இரண்டு பங்கு போனது, ஒரு பங்கு நின்றது. போனது எது, நின்றது எது, ஏன் அப்படி என்று பார்த்தால் ஆற்றங்கரை ஊர்கள் எப்படி வளர்கின்றன என்பதே புரிந்துவிடும். அதனால்தான் இந்த ஊரை எடுத்துக்கொண்டேன்.

மூன்று குடியிருப்பு, இரண்டு ஆறு

கல்யாஸின் இருப்பது த்வேர் மாநிலத்தில், மாஸ்கோவுக்கு வடக்கே சுமார் 180 கிலோமீட்டரில். வோல்கா அங்கே இன்னும் இளம் ஆறுதான். காஸ்பியன் கடல்வரை அது போகவேண்டிய 3,500 கிலோமீட்டரில் சிறு பங்கைத்தான் கடந்திருக்கும். அந்த இடத்தில் ஜாப்னியா என்ற சிற்றாறு வலக்கரையில் வந்து கலக்கிறது. 'ஜாபா' என்றால் ரஷ்ய மொழியில் தேரை. ஆற்றின் பெயரைக் கேட்டாலே கரை எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். தாழ்வான, சதுப்பான, நாணல் மண்டிய கரை.

ஊரின் பழைய பெயர் 'ஜாப்னியா மேல் நிக்கோலா'. கடலோடிகளுக்கும் பயணிகளுக்கும் காவலரான புனித நிக்கோலாவின் பெயரை ஆற்றங்கரைக் கோயிலுக்கு வைப்பது ரஷ்யாவில் சாதாரண வழக்கம். எதிரே, வோல்காவின் இடக்கரையில், 15ஆம் நூற்றாண்டில் மகாரி என்ற துறவி மடம் ஒன்றை நிறுவினார். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் கொல்யாகா என்றும், தன் நிலம் பறிபோகும் என்ற பயத்தில் மகாரியைக் கொல்லத் திட்டமிட்டார் என்றும், பிறகு மனம் மாறித் தானே அவரிடம் சீடராகச் சேர்ந்தார் என்றும் மடத்துக் கதை சொல்கிறது. கொல்யாகாவின் நிலம்தான் கல்யாஸின் ஆனதாம். கொல்ல நினைத்தவரின் பெயர் ஊருக்கு நிலைத்தது, துறவியின் பெயர் மடத்துக்குப் போனது. நல்ல பங்கீடு.

இந்த மடத்து வாசலில் இந்தியாவுக்கு வந்த ஒரு பயணியின் கால்தடமும் உண்டு. த்வேர் நகர வணிகர் அஃபனாசி நிகிதின் 1460களின் பிற்பகுதியில் வோல்கா வழியே படகில் கிளம்பினார். போகிற வழியில் கல்யாஸின் மடத்தில் இறங்கி, மகாரியிடமே ஆசி வாங்கிக்கொண்டு உக்லிச் நகருக்குப் போனதாகத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பயணம்தான் பாரசீகம் வழியாக நீண்டு, சவுல் துறைமுகத்தில் கரையேறி, பாமினி சுல்தான்களின் பீதர்வரை வந்தது. திரும்பும் வழியில் சொந்த ஊரைப் பார்க்காமலே ஸ்மோலென்ஸ்க் அருகே இறந்துபோனார். மகாரி 1483இல் இறந்தார். 1547இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள்.

அந்தச் சதுப்புக் கரை ஒருமுறை நாட்டுக்கே உதவியிருக்கிறது. 1609 ஆகஸ்ட் மாதம். அரியணைக்குப் போலி உரிமையாளர்கள் வரிசையாகக் கிளம்பியிருந்த 'குழப்பக் காலம்' அது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த தளபதி மிகயீல் ஸ்கோபின்-ஷூய்ஸ்கி தன் படையோடு மடத்தில் தங்கியிருந்தார். யான் சப்பியேகாவின் போலந்து-லிதுவேனியப் படை அவரை எதிர்த்து வந்தது. போலந்துக் குதிரைப்படை திறந்த வெளியில் யாரையும் உடைத்துவிடும். ஆனால் ஜாப்னியா கரையில் திறந்த வெளி எங்கே இருக்கிறது? குதிரைகள் சேற்றில் திணறின, சப்பியேகா பின்வாங்கினார். அதற்குப் பிறகும் ஸ்கோபின் அவசரப்படவில்லை. அங்கேயே தங்கி, கூடவந்த ஸ்வீடன் அதிகாரி கிறிஸ்டர் சோமின் உதவியோடு உழவர்கள் நிறைந்த தன் படைக்கு நீள ஈட்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தேரைகளின் ஆறு ஒரு படையைக் காப்பாற்றியது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

1764இல் இரண்டாம் கேத்தரின் மடங்களின் நிலங்களை அரசுடைமை ஆக்கினார். 11 ஆண்டு கழித்து, 1775இல், மடத்துக்கு உட்பட்டிருந்த குடியிருப்புகளைச் சேர்த்துக் கல்யாஸின் நகரம் என்று அறிவித்தார். வலக்கரையில் நிகோல்ஸ்கயா, ஜாப்னியாவுக்கு அந்தப் பக்கம் ஸ்விஸ்தூகா, வோல்காவுக்கு எதிர்க்கரையில் மடத்தை ஒட்டிய குடியிருப்பு. நடுவே இரண்டு ஆறுகள் ஓடுகிற மூன்று துண்டுகளைக் காகிதத்தில் ஒன்றாக்கினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தண்ணீர் பக்கம் திரும்பிய ஊர்

கல்யாஸின்காரர்களைக் கேலி செய்ய ரஷ்யர்களிடம் ஒரு பழைய சொலவடை உண்டு: 'கல்யாஸின்காரன் நீர்நாய் என்று நினைத்துப் பன்றியை வாங்கினான்.' இங்கே நீர்நாய் என்பது மரம் வெட்டி அணை கட்டுகிற பீவர். அதன் தோலுக்கு அந்தக் காலத்தில் நல்ல விலை. ஊர்க்காரர்கள் ஏமாந்தார்களோ இல்லையோ, வாங்குவதும் விற்பதும்தான் அவர்கள் பிழைப்பு என்பது சொலவடையிலேயே தெரிகிறது.

அதற்குக் காரணம் ஆறு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோல்காவை பீட்டர்ஸ்பர்க்கோடு இணைக்கும் விஷ்னி வொலோச்யோக் நீர்வழி திறந்தது. கீழ் வோல்காவின் தானியம் படகேறி ஆற்றை எதிர்த்து த்வேர் நோக்கிப் போகும்போது கல்யாஸின் வழியாகத்தான் போகவேண்டும். படகு நிற்கிற இடத்தில் கயிறு வேண்டும், இரும்புச் சாமான் வேண்டும், சாப்பாடு வேண்டும். ஊருக்கு வருமானம் தண்ணீர் வழியாக வந்ததால் ஊரும் தண்ணீர் பக்கம் முகம் திருப்பி வளர்ந்தது.

வீட்டுக்குள் நடந்த தொழில்கள் வேறு. பெண்கள் மரக்கட்டைகளில் நூல் சுற்றி லேஸ் பின்னல் போட்டார்கள். ஆண்கள் 'வாலென்கி' செய்தார்கள். பனிக்காலத்தில் ரஷ்யர்கள் முழங்கால்வரை மாட்டிக்கொள்ளும் கம்பளிக் காலணி அது. அதில் தையலே கிடையாது. ஆட்டுரோமத்தைச் சிக்கெடுத்து, காலைவிட இரண்டு மடங்கு பெரிதாக, ஒரு பூதத்துக்குச் செய்வதுபோல் மெத்தென்று உருவம் பிடிப்பார்கள். பிறகு கொதிநீரில் நனைத்து உருட்டுவார்கள், பிசைவார்கள், அடிப்பார்கள். ஒவ்வொரு நனைப்புக்கும் ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுருங்கும். கடைசியில் மர அச்சில் மாட்டி உலர்த்தினால் பாதி அளவுக்கு வந்து, அட்டைபோல் விறைத்து நிற்கும். உலர்ந்த பனியில் இதைவிடச் சூடான காலணி கிடையாது. ஈரத்தில் மட்டும் ஆகாது.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆற்றை நம்பிய ஊரில் மதிப்புமிக்க எல்லாமே ஆற்றுக்கு அருகில், தாழ்வான படுகையில் இருக்கும். சந்தை, பெரிய கோயில், பணக்காரர் வீடு எல்லாம் துறைக்குப் பக்கத்தில். ஏழைக் குடிசைகளும் காய்கறித் தோட்டங்களும் மேட்டில், பின்னால். வழக்கமான வசந்தகால வெள்ளம் எதுவரை வரும் என்று ஊருக்குத் தெரியும். அதற்கேற்பத்தான் கட்டுவார்கள். ஆனால் ஆறு சில மீட்டர் உயர்ந்து அப்படியே நிரந்தரமாக நின்றுவிட்டால் என்ன ஆகும்? முதலில் போவது ஊரின் விளிம்பல்ல, நடு.

113 மீட்டர்

1930களில் சோவியத் அரசின் முன் இரண்டு தேவைகள் இருந்தன. மேல் வோல்கா கோடையில் ஆழம் குறைந்து மணல்திட்டு தட்டும், பெரிய கப்பல் போகாது. மாஸ்கோவுக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விடை: வோல்காவைப் படிக்கட்டுபோல் அணைகளாக அடுக்கிவிடு. முதல் படி இவான்கோவோ. 1937இல் மாஸ்கோ கால்வாயோடு அது நிரம்பியபோது கொர்ச்சேவா என்ற சிறுநகரம் காணாமல் போனது. இரண்டாம் படி உக்லிச், மூன்றாம் படி ரிபின்ஸ்க்.

உக்லிச், ரிபின்ஸ்க் இரண்டையும் கட்டும் முடிவு 1935இல் எடுக்கப்பட்டது. கட்டியவர்களில் பெரும் பகுதி கைதிகள். வோல்காலாக் என்ற முகாமே இதற்காக அமைக்கப்பட்டது. உக்லிச்சின் முதல் மின்னாக்கி 1940 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கி, மற்ற மின் நிலையங்கள் கைவிட்டுப்போன நேரத்தில், தலைநகருக்கு மின்சாரம் தந்தவற்றில் இதுவும் ஒன்று. இதைச் சொல்லாமல் அணையை வெறும் வில்லனாக்குவது நேர்மையில்லை.

உக்லிச் நீர்த்தேக்கத்தின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 113 மீட்டர் என்று வைத்தார்கள். பரப்பு சுமார் 249 சதுர கிலோமீட்டர். ரிபின்ஸ்கின் 4,500 சதுர கிலோமீட்டருக்கு முன்னால் இது ஒரு குட்டை. ஆனால் ஒரு ஊரின் விதியை முடிவு செய்ய ஏக்கர் கணக்கு போதாது, மட்டக்கோடு எங்கே ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். மொலோகாவையே பாருங்கள். ரிபின்ஸ்க் தேக்கத்தை முதலில் 98 மீட்டர் என்று திட்டமிட்டார்கள். பிறகு 102 என்று உயர்த்தினார்கள். அந்த 4 மீட்டரில் மொலோகா நகரம் முழுதும் போயிற்று. அந்தத் தேக்கத்துக்காக இடம்பெயர்ந்தவர்கள் மொத்தம் சுமார் 1,30,000 பேர்.

கல்யாஸினில் 113 மீட்டர்க் கோடு ஊரைக் குறுக்கே வெட்டியது. படுகை முழுதும் கோட்டுக்குக் கீழே. மேடு கோட்டுக்கு மேலே. கீழே இருந்ததில் நிக்கோலா தேவாலயம், சந்தைச் சதுக்கம், பழைய தெருக்கள் எல்லாம் அடங்கும். எதிர்க்கரை மடமும் அதே கதிதான்.

பிரித்தது, எடுத்தது, விட்டது

மரவீட்டை இடம் மாற்றுவது ரஷ்யக் கிராமங்களில் புது விஷயமல்ல. சுவரின் ஒவ்வொரு கட்டைக்கும் கோடாரியால் வெட்டி ஓர் அடையாள எண் இடுவார்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். புது இடத்தில் அதே வரிசையில் அடுக்கி, இடுக்கில் பாசியைத் திணிப்பார்கள். கட்டை வழிக்கு வந்துவிடும். வராதது அடுப்பு. செங்கல் அடுப்பை உடைத்துப் புதிதாகத்தான் போடவேண்டும். கல் வீட்டுக்காரர்களுக்கு அந்த வழியும் இல்லை. கல் கட்டடங்களை இடித்துச் செங்கல்லை எடுத்துக்கொண்டார்கள். கப்பல் போகிற வழியில் சுவர் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாதே.

மடம் போனதுதான் பெரிய இழப்பு. அங்கிருந்த திரித்துவப் பேராலயம் 1520களில் தொடங்கிய கட்டடம். அதற்கு அடித்தளம் தோண்டும்போதுதான் மகாரியின் உடல் எச்சம் கிடைத்தது என்பார்கள். 1654இல் மாஸ்கோ ஓவியர்கள் அதன் உட்சுவர் முழுக்க வரைந்தார்கள். இடிக்கும் முன் மறுசீரமைப்பு வல்லுநர்கள் வந்து சுவரோவியங்களில் ஒரு பகுதியை மட்டும் காரையோடு பெயர்த்து எடுத்தார்கள். இன்று அவற்றில் பெரும்பகுதி மாஸ்கோவின் ஷூசெவ் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவரே இல்லாத சுவரோவியங்கள். மற்றவை சுவரோடு போயின.

ஊருக்குள் இன்னொருவர் தன்னால் முடிந்ததைச் சேர்த்துக்கொண்டிருந்தார். இவான் நிகோல்ஸ்கி, உள்ளூர் அருங்காட்சியகத்தை 1920இல் தொடங்கியவர். மடத்திலிருந்தும் வணிகர் வீடுகளிலிருந்தும் சேகரித்த பொருட்கள் அங்கே தங்கின. மேட்டில் தப்பிய பழைய தேவாலயம் ஒன்றில் அந்த அருங்காட்சியகம் அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. மூழ்கிய ஊரைப் பார்க்க விரும்புகிறவர்கள் கோபுரத்தைவிட அங்கே அதிக நேரம் செலவிடலாம் என்பது என் கட்சி.

கோபுரம் மட்டும் ஏன்?

நிக்கோலா தேவாலயம் 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளைச் சேர்ந்தது. மணிக்கோபுரம் ஒரு நூற்றாண்டு இளையது. 1796 முதல் 1800வரை கட்டியது. ஐந்து அடுக்கு, 74.5 மீட்டர் உயரம், மேலே போகப்போக ஒடுங்கும் தூண்கள். 12 மணிகள் தொங்கின. மிகப் பெரியது 1895இல் வார்த்தது. அதன் எடை 501 பூத், அதாவது 8 டன்னுக்கு மேல். தாழ்வான கரையில் இத்தனை உயரம் எதற்கு என்றால், ஆற்றில் வருகிறவர் தொலைவிலேயே பார்க்கத்தான். ஊர் தன் பணத்தை உயரமாக்கிக் காட்டியது.

தேவாலயத்தை இடித்தார்கள். கோபுரத்தை விட்டார்கள். ஏன் என்பதற்கு இரண்டு காரணம் சொல்லப்படுகிறது. ஒன்று, பாராசூட் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். 1930களில் சோவியத் நாடெங்கும் பாராசூட் கோபுரங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம், எனவே இது கேட்க விந்தையாக இருந்தாலும் அக்காலத்துக்குப் பொருந்துகிறது. இன்னொன்று, வோல்கா அங்கே சட்டென வளைகிறது. புதிதாக அகன்ற நீர்ப்பரப்பில் மாலுமிக்குப் பழைய கரை தெரியாது, திசை காட்ட ஓர் உயரமான பொருள் வேண்டும். பாராசூட் யோசனை நடைமுறைக்கு வரவில்லை, கலங்கரை வேலை மட்டும் நிலைத்தது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், வழிபாட்டுக்காகக் காப்பாற்ற முடியாததை வழிகாட்டிப் பலகையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். முதலில் கட்டியவர்களும் பாதி அதற்காகத்தானே கட்டினார்கள்.

ஆனால் தண்ணீரில் நிற்கச் செய்த கட்டடமல்ல அது. ஆண்டுதோறும் பனிக்கட்டி உடைந்து அடிச்சுவரில் மோதும், அலை அரிக்கும். 1980களில்தான் அடித்தளத்தைப் பலப்படுத்தி, சுற்றிலும் மண் கொட்டிச் சிறு தீவாக்கி, படகு கட்ட ஒரு துறையும் அமைத்தார்கள். படங்களில் கோபுரத்தின் காலடியில் தெரியும் புல்திட்டு அப்படி வந்தது. 2007இல் அங்கே மறுபடி வழிபாடு நடந்தது.

மணியைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. பெரிய மணியை இறக்கும்போது அது நழுவிக் கோபுரத்தின் அடிக்கிடங்குக்குள் விழுந்துவிட்டதாம், எடுக்க முடியவில்லையாம். போர் தொடங்கும் முன்பும், பெரிய சண்டைகளுக்கு முன்பும் தண்ணீருக்கு அடியிலிருந்து அது தானாக அடித்ததாம். எந்த ஊரில் கோயில் மூழ்கினாலும் இந்தக் கதை முளைக்கும். இருந்தாலும் 1940ஐ அடுத்து 1941 வந்த ஊரில் இப்படி ஒரு கதை பிறக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மறுபடியும் மூன்று

1775இல் ஒன்றாக்கிய மூன்று துண்டுகளை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? தண்ணீர் அதைக் கலைத்துவிட்டது. ஒரு குதியில் தாண்டக்கூடிய ஓடையாக இல்லாவிட்டாலும் சிற்றாறாக இருந்த ஜாப்னியாவின் முகத்துவாரம் விரிகுடாவாக விரிந்தது. நடு ஊர் ஒரு பக்கம், ஸ்விஸ்தூகா ஒரு பக்கம். வோல்காவுக்கு அப்பால் மடத்துக் குடியிருப்பு. மடம் நின்ற மேடு இன்று தேக்கத்துக்குள் சிறு தீவுகள். முன்பு ஊரைச் சேர்த்து வைத்திருந்தது கோட்டுக்குக் கீழே இருந்த நடுப்பகுதிதான். அது போனபின் மிஞ்சியவை ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு நிற்கின்றன.

மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் 14,000க்குச் சற்றுக் குறைவு. ரயில் இருக்கிறது. கோடையில் மாஸ்கோவிலிருந்து உக்லிச் போகும் உல்லாசக் கப்பல்கள் கோபுரத்தைக் கடக்கும்போது எல்லோரும் ஒரே பக்கத் தளத்துக்கு ஓடிவருவார்கள். ஊருக்கு வெளியே இன்னோர் உயரமான பொருளும் எழுந்திருக்கிறது. 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கித் தட்டு, 1992இல் வேலையைத் தொடங்கியது. வயல்களுக்கும் மரவீடுகளுக்கும் மேலே அந்த வெள்ளைக் கிண்ணம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதை முதல் தடவை பார்த்தவருக்கு அப்புறம் மணிக்கோபுரம் அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

தேக்கத்தின் மட்டமும் எப்போதும் ஒன்றாக இல்லை. உருகும் பனிநீருக்கு இடம் வேண்டும் என்பதால் குளிர்காலத்தின் இறுதியில் தண்ணீரைத் திறந்துவிட்டு மட்டத்தைக் குறைப்பார்கள். 2021 வசந்தத்தில் அது வழக்கத்தைவிட அதிகமாக இறங்கியது. கோபுரத்தைச் சுற்றி ஆற்றின் அடித்தரை வெளியே வந்தது. ஜனங்கள் சேற்றில் நடந்தே போய்ப் பார்த்தார்கள்.

மற்ற ஆண்டுகளில் நடந்துபோக பனிக்காலம்வரை காத்திருக்கவேண்டும். ஆறு உறைந்ததும் கரையிலிருந்து கோபுரத்துக்கு ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். பாதையின் இருபக்கமும் தூண்டில்காரர்கள் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார்கள், காலில் வாலென்கி. திருகு உளியால் பனியில் ஒரு சாண் அகலத் துளை போட்டு, நூலை இறக்கி, விரலில் சுற்றிக்கொண்டு காத்திருப்பார்கள். நூலின் முனையில் ஈயக்குண்டு போய்த் தட்டுவது பழைய கல்யாஸினின் தெருவில்.